முப்பத்தேழாம் பக்கம்

"மீதி எவ்வளவு?"

அப்பா அதைக் கேட்டபோது சவரக்கத்தி அவருடைய வலது தாடையில் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"வாயை மூடுங்க. வெட்டிடும்."

"வெட்டட்டும். மீதி எவ்வளவு?"

"நாப்பது," என்றாள் மகள், வாய்க்கு வந்ததை.

"தப்பு."

மூன்று நாளாக இதே கூத்து. தினமும் வந்து ஊசி போடும் நர்ஸை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நேற்று அந்தப் பெண்ணைப் பார்த்து, "கதவைத் திறம்மா, மீட்டர் பாக்கணும்" என்றார். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. ஆனால் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் போதும், கண் தெளிந்துவிடும், கேள்வி வந்துவிடும். அவள் எந்த எண்ணைச் சொன்னாலும் தப்பு. பன்னிரண்டு, தப்பு. ஐந்நூறு, தப்பு. சாகக் கிடக்கும்போதுகூட இந்த மனுஷனுக்குத் தன்னிடம் தப்புக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். அவள் கை நடுங்குகிற கை இல்லை. முப்பத்து மூன்று வருஷமாகக் கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்து வெட்டுகிறாள். கோட்டை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், பாதியில் யோசித்தால் கண்ணாடி போச்சு. வலது பக்கம் முடிந்தது. முகத்தைத் திருப்பி இடது பக்கம் நுரையைத் தடவிக் கத்தியை வைத்தாள்.

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு," என்றார் அப்பா, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே. "மீதி எவ்வளவு?"

அவள் கை நின்றது. கத்தி நுனியில் காதோரம் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

நுரையைத் துண்டால் துடைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இடது பக்கம் அப்படியே நரைத் தாடியோடு நின்றுபோயிற்று.

அந்த எண் அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். அதை இந்த உலகத்தில் யாரும் அவளிடம் கேட்கக்கூடாது என்றுதான் அவள் இத்தனை நாளும் இருந்தாள்.

அப்பா மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தார். வீடு வீடாகப் போய்க் கதவுக்குப் பின்னாலும் படிக்கட்டுக்கு அடியிலும் தலையை நுழைத்து எண்களைக் குறித்து வருகிற வேலை. அவர் வீட்டு நடையிலும் ஒரு மீட்டர் இருந்தது. அதன் நெற்றியில் பித்தளைத் தகட்டில் பொறித்த வரிசை எண் 62615533. ஆறு கோடியே இருபத்தாறு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்து மூன்று. ஒரு கோடை விடுமுறையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் அதைப் பார்த்து நின்றார். கூட்டுத்தொகை முப்பத்தொன்று, அதனால் மூன்றில் போகாது. ஏழில் போகவில்லை. பதினொன்றில் போகவில்லை. அன்றைக்குப் பிடித்தது சனி. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பேர். தன் வீட்டு மீட்டர் பகா எண்ணாக இருக்குமோ என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

அவரவருக்கு ஆசை வந்தால் அவரவர் போட வேண்டியதுதானே? பிள்ளைகளை உட்கார வைத்தார். ஒரு எண் இரண்டாகப் பிரிந்தால், அதில் சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இந்த எண்ணுக்கு அது 7913-க்கு ஒரு மயிரிழை குறைவு. ஆகவே அதற்குக் கீழே உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்றார். 'போதும்' என்று அவர் சொன்னது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வகுத்தல். கோடு போட்ட நோட்டில் பக்கத்துக்கு இருபத்தேழு வரி, மொத்தம் முப்பத்தேழு பக்கம். அப்பாவுக்குப் பதினேழு பக்கம், பதினான்கு வயது அண்ணனுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு வயதுக்காரிக்கு எட்டு. இடது பக்கம் வகுக்கிற எண், வலது பக்கம் மீதி, அவ்வளவுதான் நோட்டில் வரவேண்டும். கணக்கைப் பழைய தாளில் போட்டுக் கிழித்துப் போட்டுவிடலாம்.

கடைசிப் பக்கம் அவளுடையது. விடுமுறையின் கடைசி நாள், வகுப்புப் பெண்கள் எல்லோரும் மூன்று மணிக்கு நீச்சல் குளத்துக்குப் போவதாக ஏற்பாடு. முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கணும் என்றார் அப்பா. அவள் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். இருபத்தேழு வரியையும் பத்து நிமிஷத்தில் முடித்தாள். ஒன்றைக்கூட வகுக்கவில்லை. வலது பக்கம் முழுக்க மனசில் தோன்றிய எண்களை எழுதிவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் தலை ஈரம் காயாமல் அவள் திரும்பி வந்தபோது வீடே கொண்டாட்டமாக இருந்தது. எங்கேயும் பூஜ்யம் இல்லை. பகா எண்! அப்பா அண்ணனைத் தோளில் தட்டினார், அவளையும் தட்டினார். மறுநாள் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார். 'பகா மீட்டர்' என்று அவருக்குப் பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

அந்த இருபத்தேழில் ஒன்று உண்மையிலேயே மீதியில்லாமல் போயிருந்தால்? இந்தக் கேள்வி அவளை விட்டதே இல்லை. பின்னால் கைப்பேசி வந்தது. எண்ணைத் தட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடும். அவள் தட்டவில்லை. தெரிந்துவிட்டால் என்ன செய்வது?

அண்ணன் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான்.

"என்ன இது, பாதி முகத்தோட விட்டு வச்சிருக்கே?"

"வேலை வந்திடுச்சு."

"நாலு பேர் வந்து போற நேரம். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"இவர் மகன் எங்கே போனான்னு நினைப்பாங்க. மூணு நாள் முன்னாடி ஃபோன் பண்ணினேனே, மீட்டிங்ல இருக்கேன்னு வச்சியே, இப்பதான் முடிஞ்சுதா மீட்டிங்?"

அவன் பையை நாற்காலியில் போட்டான். அப்பா வேலை பார்த்த அதே துறையில் பொறியாளன். பேசும்போதே எதிரில் இருப்பவரின் கோப்பில் கையெழுத்துப் போடுகிற தோரணை.

"ஆரம்பிச்சிட்டியா? வந்து ரெண்டு நிமிஷம் ஆகல."

"நான் ஆரம்பிச்சு பத்து வருஷம் ஆச்சு. மலம் மூத்திரம் அள்ள ஆரம்பிச்சு."

கட்டிலில் அப்பா கண்ணைத் திறந்தார். அண்ணன் குனிந்து, "அப்பா, நான் வந்திருக்கேன்" என்றான். அப்பா அவனை வெறுமனே பார்த்தார். தலையைத் திருப்பி அவளைத் தேடினார்.

"மீதி?"

"என்ன கேக்கறார்?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. உளறல்."

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு," என்றார் அப்பா தெளிவாக.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம நம்பர்! கடைசி வகுத்தி அதுதானே? பாத்தியா, இத்தனை நாள் கழிச்சும் ஞாபகம் வச்சிருக்கார். சொல்லு, உன் பக்கம்தானே அது? என்ன எழுதினே?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? எட்டாயிரத்துச் சொச்சம்," என்றாள் எரிச்சலில்.

அப்பா சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, பாதித் தாடி ஆட, சத்தமில்லாமல் சிரித்தார்.

"வகுத்தியை விடப் பெருசு," என்றார். "தப்பு."

அண்ணனுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழால் வகுத்தால் மீதி எப்படி எட்டாயிரம் வரும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், மீதி வகுத்தியை விடச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் அவள் வாய்க்கு அந்த எண் சும்மா வரவில்லை. அன்றைக்கு எழுதியதும் அதுதான். இவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நாளாகத் தெரியும்?

அவள் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, "பக்கத்திலேயே இருங்க" என்று மட்டும் சொன்னாள். இருந்தார்கள். கட்டிலின் ஆளுக்கொரு பக்கம், ஒருவரை ஒருவர் பார்க்காமல். அப்பாவின் உதடு ஒருமுறை அவள் பக்கம் அசைந்தது. சத்தம் வரவில்லை. கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் ஈரத் துணியால் அந்த உதட்டைத் துடைத்தாள். இரண்டே முக்காலுக்கு மூச்சு நின்றது. நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டு, போர்வையை நெஞ்சு வரை இழுத்துவிட்டு, "ஆறு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருக்கேன்" என்று கிளம்பினாள்.

அண்ணன் வாய்விட்டு அழுதான். ஐந்து நிமிஷம் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"சமாதிக் கல் கொத்தறவர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கும் மறுநாளும் பட்டறை லீவாம், அஞ்சு மணிக்குள்ள வாசகம் சொல்லணும். பேரு, தேதி, அதுக்குக் கீழ அந்த நம்பர். நம்பருக்குக் கீழ 'பகா எண்'னு போடச் சொல்றேன். அப்பாவுக்கு அதைவிட என்ன மரியாதை?"

"வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். கல்லுல எதுக்குக் கணக்கு? செத்தவருக்கு மீட்டர் எதுக்கு?"

"உனக்கு எப்பவும் அவர் மேல காட்டம். அவர் போன அன்னிக்குக்கூட விடமாட்டியா?" குரல் உயர்ந்தது. "அது அவர் ஒருத்தர் பெருமையில்ல. நானும் பன்னிரண்டு பக்கம் போட்டேன். என் பசங்க கிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"ஃபோன்ல போட்டுப் பாத்திருக்கியா?"

"எதுக்குப் பாக்கணும்? அப்பா கையால போட்ட கணக்கை மெஷின்ல சரி பாக்கறதா? அசிங்கம்." தலையணைக்கு அடியில் கையை விட்டு இரும்புப் பெட்டியின் சாவியை எடுத்தான். "நோட்டு உள்ளதான் இருக்கும். கடைசிப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கல்லு பக்கத்துல வைக்கலாம். உன் கடையில கண்ணாடி வெட்டிக் குடேன், உனக்கும் ஒரு பங்கு."

அவன் கைப்பேசி அடித்தது. சாவியைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டு, "சொல்லுங்க சார்" என்றபடி நடைக்குப் போனான்.

அவள் சாவியை எடுத்தாள். யோசிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். ஓய்வூதியத் தாள்கள், அம்மாவின் மூக்குக் கண்ணாடி, அடியில் அந்த நோட்டு. பிய்த்துத் துண்டு துண்டாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள்.

அவளுடைய குண்டுக் கையெழுத்து. இருபத்தேழு பொய். ஒவ்வொரு பொய்க்கும் பக்கத்தில், மெல்லிய பென்சிலில், அப்பாவின் சாய்ந்த எழுத்தில் சரியான மீதி. 7883, அவள் 5120 என்று எழுதியிருந்தாள், அவர் 864. 7901, அவள் 3340, அவர் 108. கடைசி வரியில் 7907-க்கு நேராக அவள் 8114 என்று எழுதியிருந்ததன் கீழே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. பக்கத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம்.

கீழே தேதி. அவள் நீச்சலுக்குப் போன நாளுக்கு இரண்டு நாள் கழித்து. அதற்கும் கீழே ஒரு வரி: 'கீழிருந்து ஏறினோம். மேலிருந்து இறங்கியிருந்தால் முதல் கணக்கிலேயே தெரிந்திருக்கும்.'

அவ்வளவுதான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லி முடித்த மறுநாள். அதற்கப்புறம் அவர் வாயால் 'பகா எண்' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அண்ணன் சொல்வான், அலுவலகத்தில் சொல்வார்கள், இவர் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். அவளிடம் அதற்கப்புறம் ஒரு பென்சிலைக்கூட நீட்டியதில்லை. பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பத்தில் கணிதம் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டியபோது, "கணக்கு உனக்கு வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டாள். விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். பெண் பிள்ளை என்பதால்தான் என்று நினைத்து, அந்த வயிற்றெரிச்சலிலேயே கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனாள். அந்த எரிச்சலிலேயே இந்த மனுஷனுக்குப் பத்து வருஷம் சோறு ஊட்டினாள்.

"பாவி," என்றாள் கட்டிலைப் பார்த்து. "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ரெண்டு அறை விட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே. பன்னிரண்டு வயசுப் பிள்ளை நீச்சலடிக்கப் போனதுக்கு முப்பத்தெட்டு வருஷமா?"

அப்பா பாதித் தாடியோடு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தார். வெளியே அண்ணன், "ஆமா சார், எட்டு இலக்கம், நான் மெதுவா சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அந்தப் பூஜ்யத்தைக்கூட நம்பப் பிடிக்கவில்லை. அவர் சொன்னால் ஆயிற்றா? மாத்திரை அட்டவணையைச் சுவரிலிருந்து உருவித் திருப்பிப் போட்டு, கண்ணாடியில் கோடு போடுகிற பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். 62615-இல் 7907 ஏழு தடவை, 55349. கழித்தால் 7266. ஐந்தை இறக்கினாள். 72665-இல் ஒன்பது தடவை, 71163. மீதி 1502. மூன்றை இறக்கினாள். ஒரு தடவை, 7116. கடைசி மூன்றை இறக்கினாள். 71163. அந்த எண்ணை இப்போதுதானே எழுதினோம் என்று மேலே பார்த்தாள். ஒன்பது தடவை. கீழே அதையே எழுதிக் கோடு போட்டாள்.

நான்கு வரி. அன்றைக்குப் போட்டிருந்தால் இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

நடையில் அண்ணன் மீட்டர் தகட்டைப் பார்த்தபடி எண்ணைப் படித்து முடித்திருந்தான். அவள் நோட்டை விரித்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அதுக்குக் கீழ, 'பகா'ன்னு போட்டு..." என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தான். சிவப்புக் கோட்டில் விரல் வைத்தான். பொறியாளன்தானே, விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது நீ எழுதினதா?"

"ஆமா."

"இது அப்பா எழுத்து."

"ஆமா."

"எல்லாத்தையும் கெடுத்தது நீ." அவள் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினான். "என்னையும் முட்டாளாக்கிட்டே. இருந்து இருந்து இன்னிக்குக் காட்டறே பாரு."

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நான் பொய் எழுதினேன், ஒத்துக்கறேன். அவர் தெரிஞ்சும் உன்னைப் பேச விட்டாரே, அதை அவர்கிட்ட போய்க் கேளு."

கைப்பேசிக்குள்ளிருந்து, "சார்? சார், கீழ என்ன எழுத்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் அசையவில்லை. அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நம்பர் மட்டும் போடுங்க," என்றாள். "கீழ ஒண்ணும் வேணாம். நம்பர் சரியா வரணும், ஒரு இலக்கம் மாறக்கூடாது."

அண்ணன் ஆட்சேபிக்கவில்லை. நோட்டை வைத்துக்கொண்டு தன்னுடைய பன்னிரண்டு பக்கங்களைத் தேடித் திருப்பிக்கொண்டிருந்தான்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில் பக்கம் குனிந்தாள். கோபம் இறங்கவில்லை, இறங்கப் போவதுமில்லை. இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"பூஜ்யம்," என்றாள். "நானே போட்டுப் பாத்தேன். மீதி பூஜ்யம்."

நோட்டை நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இடது கன்னத்தில் நுரையைத் தடவ ஆரம்பித்தாள்.